குளியலறையில் பேசியவர்கள்

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று கத்திரிக்குக் கால் தரையில் படவில்லை. மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, கதவைத் திறந்து, காலி அறைகளை ஒரு சுற்று சுற்றி வந்து, நடுக்கூடத்தில் நின்று பலமாகக் கை தட்டிப் பார்த்தாள். கூடம் எதிரொலித்தது. மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்த கணவனிடம், "கேட்டியா, எவ்வளவு பெரிய கூடம்" என்றாள். அவன் சிரித்தான். அவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சந்தோஷம் தலைக்கேறிவிட்டால் அவளுக்கு அதுகூட மறந்துபோகும்.

கத்திரி என்பது அவள் அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுவது அவள் வேலை. கையால் பேசுகிறவர்கள் ஆளுக்கொரு சைகைப் பெயர் சூட்டிவிடுவார்கள்; இரண்டு விரலைக் கத்திரிபோல் இரண்டு தரம் திறந்து மூடினால் அது அவள். கணவனுக்கு, கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற வேலை. ஸ்ப்ரே துப்பாக்கியை அழுத்துவதுபோல் விரலை மடக்கினால் அது அவன். நாம் பெயின்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குக் காதும் கேட்கும், ஒன்பது வருடக் குடித்தனத்தில் கையும் சரளமாகப் பேசும். அவர்கள் கையால் பேசிக்கொள்வதை இங்கே வாயால் பேசியதுபோலத்தான் எழுதப் போகிறேன். வாயைவிட அந்தக் கைகள் ஒன்றும் குறைவாகப் பேசவில்லை.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. கடைக்கு வருகிற பழைய பத்திரிகைகளிலிருந்து அழகழகான வீட்டுப் படங்களை வெட்டி ஒட்டிய நோட்டு. பதினோரு வருடமாக ஒட்டியதில் அது தலையணை கனத்துக்கு வந்திருந்தது. ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் துணி வெட்டிவிட்டு, சொந்தமாக ஒரே ஒரு ஜன்னல் உள்ள வாடகை அறைக்குத் திரும்புகிறவள் வேறு என்னதான் செய்வாள்? அந்த அறையில் கட்டிலும் அடுப்பும் தையல் மெஷினும் கைக்கெட்டும் தூரம். தலைக்கு மேலே ஒரே ட்யூப் லைட். அலங்காரம் என்று பார்த்தால் சுவரில் ஒரு காலண்டர்.

"சுவரு, தரை, ஜன்னல் எல்லாம் உன் இஷ்டம்" என்று பெயின்ட்டர் அன்றைக்கே சொல்லிவிட்டான். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ஞாயித்துக்கிழமைக் கூட்டம் இனிமே நம்ம வீட்டுல."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்பது அவனையும் சேர்த்து எட்டுப் பேர். எல்லோரும் காது கேளாதவர்கள். அவரவர் வீட்டில் வாரம் முழுக்கத் தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டு, ஞாயிறு நாலு மணிக்கு, மூடியிருக்கும் ஒரு வங்கியின் ஷட்டருக்கு முன்னால் கூடிப் பேசித் தீர்ப்பார்கள். மழை வந்தால் பேச்சு அறுந்துபோகும். காவலாளி வந்து கையை வீசினால் இடம் மாற வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதே கதை. ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஒரு கூடம் கிடைத்ததில்லை.

"அவ்வளவுதானே" என்றாள் கத்திரி. அவள் கண் அதற்குள் மேற்குப் பக்க ஜன்னலை அளவெடுக்கத் தொடங்கியிருந்தது.

அடுத்த மூன்று வாரம் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கடை விட்டதும் நேராக வீட்டுக்கு வந்து ஏணியில் ஏறிவிடுவாள். துணைக்கு அவளுடைய தங்கை. கூடத்துச் சுவர் மூன்றிலும் கொடியும் இலையும் பெரிய பெரிய சிவப்புப் பூக்களுமாக வால்பேப்பர் ஏறியது. நோட்டின் நாற்பதாம் பக்கத்தில் உள்ளது அப்படியே. சுவரோரமாகப் பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரு சோபா. நடுவில் உயரமான பூச்சாடி, அதில் ஆளுயரத்துக்கு உலர்ந்த நாணல். மூலைக்கு மூலை துணிக்குடை போட்ட மஞ்சள் விளக்கு. ஜன்னலுக்குச் சரிகைக் கரை வைத்த திரைச்சீலையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, சாயங்கால வெயில் கூடத்துக்குள் கொட்டுகிற மாதிரி செய்தாள். வாசலில் யாராவது பொத்தானை அழுத்தினால் மின்னுகிற சிவப்பு பல்பு ஒன்று உண்டு. அதுதான் பெயின்ட்டருக்கு அழைப்பு மணி. அது பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அடுக்களை வழியில் ஓர் ஓரமாக மாட்டிவிட்டாள்.

ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பாள். "நல்லா இருக்கு" என்பான். விளக்குக்கும் நல்லா இருக்கு. நாணலுக்கும் நல்லா இருக்கு.

"மாமா மாதிரி ஒரு ஆள் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்க்கா" என்றாள் தங்கை. "எங்க வீட்டுல ஒரு தலையணை உறை மாத்தினா ஒம்போது நொட்டை சொல்வாரு."

ஒரு விஷயம் மட்டும் தங்கைக்கு விளங்கவில்லை. இவ்வளவு பெரிய கூடம் இருக்க, அக்காவும் மாமாவும் எதையாவது கொஞ்ச நேரம் பேச வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டார்கள். அவன் முகம் மழிப்பான், அவள் கதவில் சாய்ந்து கடைக்கதை சொல்வாள். பல் தேய்த்து முடித்த பிறகும் வெளியே வர மாட்டார்கள். புதுக் குழாய் மேல் ஆசை போலிருக்கிறது என்று தங்கை நினைத்துக்கொண்டாள். கத்திரி அதைக்கூட நினைக்கவில்லை.

முதல் ஞாயிறு வந்தது. காலையிலிருந்தே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு மணிக்கு ஏழு பேரும் வந்து பொத்தானை அழுத்தினார்கள். பல்பு ஓரத்தில் இருந்த இடத்திலேயே மின்னிக்கொண்டிருந்தது. அவள் தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து ஓடிப் போய்த் திறக்கும்வரை பத்து நிமிடம் வெளியே நின்றிருக்கிறார்கள். ஏழு பேருக்கும் தலைவன் ரேடியோ. காதருகே பொத்தானைத் திருகுவதுபோல் காட்டினால் அது அவன். ஆரம்பித்தால் ஓய மாட்டான் என்பதால் வந்த பெயர்.

எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு நீள சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. ஒரே வரிசையில் உட்கார்ந்தால் கடைசி ஆள் பேசுவது முதல் ஆளுக்கு எப்படித் தெரியும்? பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவர்கள் மாதிரி ஆளாளுக்கு முன்னால் குனிந்தார்கள். ரேடியோ எழுந்து எதிரே போய் நின்று பேசினான். அவன் முதுகுக்குப் பின்னால் வெயில் கொட்டியதால் முகம் கரியாகத் தெரிந்தது. இடம் மாறினான், பூச்சாடி மறைத்தது. சுவர்ப் பக்கம் போனான். சிவப்புப் பூக்களுக்கு நடுவே அவன் விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே புரியவில்லை.

கத்திரி அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். எட்டுக் கோப்பையைத் தட்டில் அடுக்கி, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்கு வந்தால், கூடத்தில் ஆளில்லை.

பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். கீழே, வண்டி நிறுத்துமிடத்தில், பூச்சுகூட வைக்காத ஒரு சிமென்ட் சுவருக்கு முன்னால் எட்டுப் பேரும் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். கைகள் பறந்தன. ரேடியோ ஏதோ சொல்ல, பெயின்ட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வாரத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. பதினோரு வருடக் கனவை ஒரு சிமென்ட் சுவர் தோற்கடித்துவிட்டது. அவளுக்கு அழுகையாக வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

ஆறு மணிக்கு அவன் மேலே வந்தான். கூடத்திலேயே மறித்துக்கொண்டாள்.

"ஏன் எல்லாரும் கீழ போனீங்க?"

அவன் ஏதோ சொன்னான். மஞ்சள் வெளிச்சத்தில், பூக்களுக்கு நடுவே, அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. "என்ன?" என்றாள். மறுபடி சொன்னான். "என்ன? சரியா சொல்லு." மூன்றாம் தரமும் புரியவில்லை. சண்டை போடுகிற வேகத்தில் இரண்டு பேரும் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நடந்து குளியலறைக்குள் போய் விளக்கைப் போட்டுக்கொண்டார்கள்.

"காத்து வாங்கப் போனோம்" என்றான்.

"பொய் சொல்லாதே."

அவன் கூடத்துப் பக்கம் கை காட்டினான். பிறகு சொன்னான். "உன் சுவர் சத்தம் போடுது. கொடி, பூ, எல்லாம் ஒரே கூச்சல். அந்தச் சத்தத்துல ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்குக் கேக்கல."

"மூணு வாரமா நல்லா இருக்குன்னியே. ஏன் முதல்லயே சொல்லல?"

"நீ அந்த நோட்டைப் புரட்டறப்போ உன் முகத்தைப் பாத்தேன். கையைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்."

பதில் இல்லாதபோது கத்திரி செய்கிற காரியம் ஒன்று உண்டு. சட்டென்று முதுகைக் காட்டிவிடுவாள். கையால் பேசுகிறவனிடம் முதுகைக் காட்டினால் கதவைத் தாழ் போட்ட மாதிரி. சண்டை அத்துடன் முடிந்தது, வெற்றி அவளுக்கு. ஒன்பது வருடமாக அவன் ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை. அன்றும் விருட்டென்று திரும்பினாள். திரும்பிய இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்குள் அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை விடாமல் தெரிந்தது.

அப்படியே நின்றுவிட்டாள். வெறும் வெள்ளை ஓடு பதித்த சுவரைப் பார்த்தாள். மேலே எரிகிற இரண்டு ட்யூப் லைட்டைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். "நாம ஏன் இங்க நிக்கறோம்?" என்று அவனைக் கேட்டாள்.

"சண்டை போட."

"இல்ல. மூணு வாரமா எதைப் பேசினாலும் ஏன் இங்கயே வந்து பேசறோம்?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். அவன் முகத்தில் வெளிச்சம் பரவுவதை அவள் பார்த்தாள். அடுத்த நிமிடம் அந்தச் சின்னக் குளியலறைக்குள் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். கோபம் போன இடம் தெரியவில்லை. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பதினோரு வருடமாகப் பத்திரிகையில் தேடிய வீடு, பல் தேய்க்கிற இடத்தில் இருந்திருக்கிறது.

மறுநாளே தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னாள். "கூடத்தைக் குளியலறை மாதிரி மாத்தப் போறேன்."

"அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வா, வந்து வால்பேப்பரைக் கிழி."

கிழிக்கக் கிழிக்கத் தங்கைக்கு வயிறு எரிந்தது. கத்திரிக்கும் வலிக்கத்தான் செய்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மிச்சமிருந்த ஒரு சுருளை மட்டும் எடுத்து அலமாரிக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். புடவை எடுக்கும்போது தனக்கு மட்டும் பூக்கட்டும் என்று.

பிறகு நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்: இங்கே ஒருவன் நின்று பேசினால் தெரியுமா? தெரியாத படங்களைக் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தாள். தலையணை கனத்து நோட்டு இளைத்துத் துரும்பாகிவிட்டது. மிஞ்சிய படங்கள் பத்துகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் பெரிதாக எழுதினாள்: 'கை தெரியணும். முகம் தெரியணும். மத்ததெல்லாம் அப்புறம்.'

பெயின்ட்டரை அதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை போலும். கேட்டதும் அணை உடைந்துவிட்டது. கூட்டத்தில் உள்ள எட்டுப் பேரில் ரேடியோ நல்ல கறுப்பு, ஒருவன் எலுமிச்சை நிறம், மற்றவர்கள் இடையில். எல்லோருடைய கையும் எடுப்பாகத் தெரிகிற மாதிரி சுவருக்கு ஒரு நிறம் வேண்டும். காருக்கு நிறம் பொருத்துகிற கண் அவனுக்கு, விடுவானா? சுவர்ப் பெயின்ட் டப்பாக்களை வாங்கி வந்து, அட்டை அட்டையாகக் கலந்து பூசி, அதன் முன் கையை நீட்டி, "இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்பான். கூடத்தின் மறுகோடியில் நின்று அவள் படித்துச் சொல்ல வேண்டும். இரண்டு சாயங்காலம் இதே விளையாட்டு. பச்சையில் கை மங்கியது, வெள்ளையில் கண் கூசியது. இருபத்தாறாவது அட்டையில், நீலமும் பச்சையும் கலந்து சாயம் பாதி போன ஒரு நிறத்தில், அவன் சுண்டுவிரல் நகம்வரை தெரிந்தது. "இதுதான்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பன்னிரண்டடி சோபாவின் திருகாணிகளைக் கழற்றினால் அது நாலு துண்டாகப் பிரிந்தது. நாலையும் வட்டமாகப் போட்டார்கள். நாணலும் பூச்சாடியும் வாசல் மூலைக்குப் போயின. விளக்குக் குடைகள் பரணுக்குப் போயின. வெளிச்சம் கூரையில் பட்டுப் பரவி இறங்குகிற வெள்ளை விளக்குகள் வந்தன. சிவப்பு பல்பு கூடத்து நடுவில் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தது.

திரைச்சீலையில் மட்டும் கத்திரி விட்டுக்கொடுக்கவில்லை. "துணியே வேணாம், ஜன்னலை மூடிடலாம்" என்றான் அவன். "என் தொழில்ல கை வைக்காதே" என்றாள். மெல்லிய வெள்ளைத் துணியை இரண்டு அடுக்காகத் தைத்து மாட்டினாள். மேற்கு வெயில் அதில் வடிகட்டி, பால் கலந்த மாதிரி உள்ளே வந்தது. முகம் கறுக்கவில்லை. அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றதை அவள் ரசித்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை கடைசி வேலையாக, அடுப்புக்கு மேலே ஒரு நீளக் கண்ணாடியை மாட்டினாள். சமைக்கும்போதும் கூடத்துப் பேச்சைப் பார்க்கலாம் என்பது கணக்கு.

எல்லாம் சரி. ஆனால் அவர்கள் வர வேண்டுமே? ரேடியோவுக்கு வீடியோவில் அழைப்பு போயிருந்தது. அவன் நாகரிகமானவன், மறுக்கவில்லை. "வரோம். கீழயே நின்னுக்கறோம். டீ மட்டும் இறக்கி விடுங்க" என்று பதில் அனுப்பியிருந்தான். கத்திரிக்கு முகம் தொங்கிப்போனது. இந்தத் தரமும் மேலே வராவிட்டால் இனி எப்போதுமே வர மாட்டார்கள். கூட்டம் வங்கி ஷட்டருக்கே திரும்பிப் போய்விடும், பெயின்ட்டர் கேட்ட ஒரே ஒரு பொருள் இந்த வீட்டில் இல்லாமலே போய்விடும்.

நாலு மணிக்கு ஏழு பேரும் அதே சிமென்ட் சுவருக்கு முன்னால் வந்து நின்றார்கள். பெயின்ட்டர் கீழே போகக் காலைச் செருப்புக்குள் நுழைத்தான். அவள் அவனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, பால்கனிக்குப் போய் இரண்டு கையையும் விரித்து ஆட்டினாள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று மாடி உயரத்திலிருந்து, தொண்டை கிழியக் கத்த வேண்டிய அவசியமே இல்லாமல், சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"மேல வாங்க. அஞ்சே நிமிஷம். பிடிக்கலேன்னா டீயை நானே கீழ தூக்கிட்டு வரேன்."

கூடத்து நடுவில் பல்பு மின்னியது. பெயின்ட்டர் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தான். முதலில் வந்த ரேடியோ வாசலிலேயே நின்றுவிட்டான். சுவரைப் பார்த்தான். தன் வலது கையைத் தூக்கிச் சுவருக்கு நேராகப் பிடித்தான். உள்ளங்கையைப் பார்த்தான், புறங்கையைப் பார்த்தான், ஏதோ அன்றைக்குத்தான் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டது மாதிரி. பிறகு வட்டத்தில் போய் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவன் போன வாரம் பாதியில் நின்ற கதையை எடுத்தான்.

அஞ்சு நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. கத்திரி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எழவில்லை. டீ மறுபடியும் ஆறிப்போனது. போன வாரம் குடிக்க ஆளில்லாமல் ஆறியது. இந்த வாரம் ஆள் இருந்தும் கோப்பையைப் பிடிக்க ஒருவனுக்கும் கை ஒழியவில்லை. அவள் சுடவைத்துக் கொண்டுவந்தாள். அதுவும் ஆறியது. இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் வீணடித்ததில்லை.

ஏழு மணிக்குப் போகும்போது ரேடியோ அவளைப் பார்த்துச் சொன்னான்: "அந்த ஷட்டருக்கு இனிமே ஞாயித்துக்கிழமை லீவு."

கதவைச் சாத்திவிட்டு அவள் கோப்பைகளை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். பெயின்ட்டர் பின்னால் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான். கண்ணாடி மாட்டியதை அவன் பார்த்தவன்தான். ஆனால் ஒன்பது வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? அவள் முதுகைப் பார்த்தபடியே, சாவகாசமாக, அவன் கைகள் பேசத் தொடங்கின.

"முடியில மறுபடியும் நூல் ஒட்டியிருக்கு. சிவப்பு நூல். எடுக்க மாட்டேன். அதோட நீ ரொம்ப அழகா இருக்க. நேர்ல சொன்னா கேலி பண்ணுவ."

கத்திரியின் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. பழைய அறையில், அவள் மெஷினுக்கு முன் குனிந்திருந்த நேரமெல்லாம், பின்னால் நிழல் ஆடும். சோம்பல் முறிக்கிறான் என்று நினைத்திருக்கிறாள். கண்ணாடிக்குள் அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், கூச்சமில்லாமல், அவசரமில்லாமல், யாரும் பார்க்காத ஒருவனைப் போல.

அவள் திரும்பவில்லை. ஈரக் கையைத் தூக்கி, முடியிலிருந்த சிவப்பு நூலைத் தடவி எடுத்தாள். தோளுக்கு மேலே, அவனுக்குத் தெரிகிற மாதிரி கேட்டாள்.

"எத்தனை வருஷமா?"

அவன் கைகள் அந்தரத்தில் நின்றன. மெல்லக் கண்ணாடியைப் பார்த்தான். காது மடல்வரை சிவந்துபோய், ஒன்பது விரலை விரித்துக் காட்டினான்.